யாருடன் தொழில் தொடங்குவது?

புத்தொழில் என்ற சொல் இன்று சென்னையையும் கோவையையும் தாண்டி எங்கள் சிவகங்கை போன்ற மாவட்டங்களின் கல்லூரி வளாகங்கள் வரை வந்துவிட்டது. 2016 ஜனவரி 16 அன்று மத்திய அரசு 'ஸ்டார்ட்அப் இந்தியா' திட்டத்தைத் தொடங்கியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அங்கீகாரம் பெற்ற புத்தொழில் நிறுவனங்களின் எண்ணிக்கை நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்தைக் கடந்திருந்தது. தமிழ்நாடு அரசும் தனக்கெனப் புத்தொழில் கொள்கை வகுத்து, மதுரை, ஈரோடு, திருநெல்வேலி உள்ளிட்ட நகரங்களில் வட்டார மையங்களைத் திறந்திருக்கிறது. தொடக்க நிலை நிறுவனங்களுக்கு 'டான்சீட்' திட்டத்தின் வழியாக 10 லட்சம் ரூபாய் வரையிலும், பெண்கள் தலைமையேற்கும் நிறுவனங்கள் போன்ற சில பிரிவுகளுக்கு 15 லட்சம் வரையிலும் ஆதார நிதி வழங்கப்படுகிறது. வரவேற்க வேண்டிய முயற்சிகள் இவை.

பணி நிறைவுக்குப் பிறகும் இத்தகைய கூட்டங்களுக்கு என்னை அழைக்கிறார்கள். மாணவர்கள் எழுந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டே வகை. என்ன தொழில் தொடங்கலாம் என்பது ஒன்று. பணம் எங்கே கிடைக்கும் என்பது மற்றொன்று. யாருடன் சேர்ந்து தொடங்குவது என்று கேட்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அதற்கான விடை அவர்கள் பக்கத்து இருக்கையிலேயே அமர்ந்திருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். ஒரே வகுப்பு, ஒரே விடுதி, ஒரே பேருந்து. அதனால் ஒரே நிறுவனம்.

ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பணியாற்றிய நோம் வாசர்மன், ஆயிரக்கணக்கான நிறுவனர்களைப் பற்றித் திரட்டிய தகவல்களை வைத்து 2012-ல் ஒரு நூல் வெளியிட்டார். வளர்ச்சி வாய்ப்பு மிகுந்த புதிய நிறுவனங்களின் தோல்விகளில் 65 சதவீதத்துக்கு, நிர்வாகக் குழுவில் எழுந்த சிக்கல்களே காரணம் என முதலீட்டாளர்கள் கருதியதாக வந்த ஒரு பழைய ஆய்வை அவர் எடுத்துக்காட்டுகிறார். அவரது சொந்த ஆய்வில் வெளிப்பட்ட இன்னொரு செய்தி நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது. முன்பு ஒன்றாக வேலை பார்த்தவர்கள் சேர்ந்து அமைக்கும் குழுக்களைவிட, நண்பர்கள் சேர்ந்து அமைக்கும் குழுக்களே எளிதில் உடைகின்றன. நட்பு இருக்கும் இடத்தில் பணம், பதவி, பங்கு பற்றிய கடினமான பேச்சைத் தள்ளிப்போடுகிறோம் என்பதே அவர் கூறும் காரணம். மூடப்பட்ட 101 புத்தொழில் நிறுவனங்கள் தம் தோல்விக்குத் தாமே கூறிய காரணங்களை 'சிபி இன்சைட்ஸ்' என்ற ஆய்வு நிறுவனம் 2014-ல் தொகுத்தது. அவற்றில் 23 சதவீத நிறுவனங்கள், சரியான குழு அமையவில்லை என்பதை ஒரு காரணமாகக் குறிப்பிட்டிருந்தன.

பெருநகரத்தில் ஒரு குழு உடைந்தால் நட்டம் பெரும்பாலும் முதலீட்டு நிறுவனத்தைச் சேர்கிறது. நிறுவனர்கள் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். திருப்பத்தூரிலோ மானாமதுரையிலோ தேவகோட்டையிலோ தொடங்கும் நிறுவனத்தின் முதல் பணம் அப்பாவின் சேமநல நிதியிலிருந்தும், அம்மாவின் நகையை அடகு வைத்தும் வந்திருக்கும். அங்கே குழு உடைந்தால் நட்டம் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது. தெருவில் அடுத்தொரு பையனோ பெண்ணோ தொழில் என்று வாய் திறந்தாலே பெற்றோர் தடுத்துவிடுகிறார்கள். ஒரு தோல்வியின் விலையைப் பல குடும்பங்கள் கொடுக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் என் முன்னாள் மாணவர்கள் மூவர் சேர்ந்து ஒரு தனியார் நிறுவனம் பதிவு செய்தனர். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை போன்ற செட்டிநாட்டுப் பலகாரங்களை இணையத்தின் வழியே வெளியூர்களுக்கு அனுப்பும் தொழில். மூவருக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு. எழுத்தில் வேறெந்த உடன்பாடும் இல்லை. பதினான்காம் மாதத்தில் ஒருவருக்கு வங்கிப் பணி கிடைத்தது. வாழ்த்திப் பிரிந்தார்கள். எஞ்சிய இருவரும் மேலும் இரண்டு ஆண்டுகள் உழைத்து, முதலீடு செய்ய முன்வந்த ஒருவரையும் கண்டுபிடித்தனர். கணக்கைப் பார்த்த அவர் கேட்ட முதல் கேள்வி: "வேலையே செய்யாத ஒருவரிடம் மூன்றில் ஒரு பங்கு எப்படி இருக்கிறது?" விலகியவர் தன் பங்குக்கு ஒரு விலை கேட்டார், மற்றவர்கள் வேறொரு விலை சொன்னார்கள். பேச்சு ஓராண்டு நீண்டது. அதற்குள் முதலீட்டாளர் போய்விட்டார். தீபாவளிப் பருவமும் போயிற்று.

விலகியவர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பங்கு அவர் பெயரில் இருந்தது. அதற்கு விலை கேட்க அவருக்கு உரிமை உண்டு. நிறுவனம் தொடங்கிய வாரத்தில் ஒரு தாளில் எழுதியிருக்க வேண்டிய நான்கு வரிகள் எழுதப்படவில்லை என்பதே அங்கிருந்த குறை.

அந்த நான்கு வரிகளுக்கு உலகமெங்கும் ஒரு வழக்கமான வடிவம் இருக்கிறது. 'வெஸ்டிங்' என்று அழைக்கப்படும் அந்த ஏற்பாட்டில், நிறுவனரின் பங்கு முதல் நாளே முழுமையாக அவருடையதாகிவிடுவதில்லை. பொதுவாக நான்கு ஆண்டுகளில், அவர் நிறுவனத்தில் உழைக்க உழைக்க, மாதந்தோறும் சிறிது சிறிதாக உரிமையாகிறது. முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் பங்கே கிடையாது. மேலே சொன்ன மூவரும் இப்படி எழுதியிருந்தால், பதினான்கு மாதம் உழைத்தவருக்கு அவரது பங்கில் நாற்பத்தெட்டில் பதினான்கு பாகம் சேர்ந்திருக்கும். அது மொத்த நிறுவனத்தில் சுமார் 10 சதவீதம். அவர் உழைப்புக்கு அது நியாயமான மதிப்பு. மீதமுள்ள 23 சதவீதம் தொடர்ந்து உழைப்பவர்களுக்கும் பின்னால் வருபவர்களுக்கும் பயன்பட்டிருக்கும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சட்டமே தீர்மானிக்கிறது. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லாதபோது பங்காளிகள் அனைவருக்கும் லாபமும் நட்டமும் சமம். தொழிலை நடத்துவதற்காக எவரும் ஊதியம் கோர முடியாது. கால வரையறை குறிப்பிடாத கூட்டாண்மையை எந்தப் பங்காளியும் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்துக் கலைத்துவிடலாம். 'எல்எல்பி' எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைக்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், உடன்பாடு இல்லாத இடத்தில் சமப் பங்கு, ஊதியமின்மை என்ற அதே விதிகள் வருகின்றன. ஒரு பங்காளியைப் பெரும்பான்மையால் நீக்கவும் வெளிப்படையான உடன்பாடு வேண்டும். காலை ஆறு மணிக்குக் கடை திறப்பவரும் மாதம் ஒருமுறை எட்டிப்பார்ப்பவரும் சட்டத்தின் பார்வையில் சமம். இதை அறியாமலேயே நம் இளைஞர்கள் பலர் கையெழுத்திடுகிறார்கள்.

இந்தப் பாடத்தைக் கற்க நாம் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டியதில்லை. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார்கள் நூறாண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் வைத்திருந்த ஏற்பாடு இது. இலங்கை, பர்மா, மலாயா என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய அவர்களுடைய வட்டிக்கடைகள், 1930-ஐ ஒட்டிய காலத்தில் பர்மாவில் மட்டும் 1,600-க்கும் மேல் இருந்தன. தொலைபேசி வசதி இல்லாத காலத்தில், கடிதம் போய்ச் சேரவே நாள்கணக்கில் ஆகும் தூரத்தில், முதலாளி ஊரில் இருக்க, அவரது பணத்தை இன்னொருவர் நம்பிக்கையோடு கையாண்டார். அந்த நம்பிக்கை கட்டமைக்கப்பட்ட விதத்தை இன்றைய புத்தொழில் பயிற்சிகளில் ஒரு பாடமாக வைக்கலாம்.

முதலாவது, படிநிலை. கடைக்குச் செல்லும் சிறுவன் பெட்டியடிப் பையனாகத் தொடங்குவான். எடுபிடி வேலை, கணக்கு எழுதப் பழகுதல், வட்டி கணக்கிடுதல் என்று தொழிலின் அடிவேர் வரை பார்த்த பிறகே அடுத்தாள் ஆவான். அடுத்தாளாக இருந்து தேறியவர்களில் சிலரே மேலாள், அதாவது கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் முகவர் ஆனார்கள். பணத்தின் மீது அதிகாரம் வருவதற்கு முன் பல ஆண்டு வேலை ஒருவரை அளந்து பார்த்தது.

இரண்டாவது, எழுத்து. முகவருக்கும் முதலாளிக்கும் இடையே சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். முதலாளியின் சார்பில் செயல்பட அவருக்கு அதிகாரப் பத்திரமும் கொடுக்கப்பட்டது. நெருங்கிய உறவினராக இருந்தாலும் சீட்டு சீட்டுதான். சம்பளத்தின் ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குச் சென்றது. அதனால் அவர் கடல் கடந்து இருக்கும்போது குடும்பம் தவிக்கவில்லை. கணக்கு முடிக்கையில் லாபத்திலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. நிலையான சம்பளம், கால வரையறை, உழைப்போடு இணைந்த லாபப் பங்கு என்ற இந்த மூன்றும் இன்றைய நிறுவனர் உடன்பாட்டின் உட்கூறுகள்.

மூன்றாவது, மதிப்பாய்வு. கடையின் கணக்கு பேரேட்டில் முறையாக எழுதப்பட்டது. ஐந்தொகை முதலாளிக்கு அனுப்பப்பட்டது. தவணை முடிந்ததும் அடுத்த முகவர் வந்து கணக்கைச் சரிபார்த்துப் பொறுப்பேற்க, முன்னவர் ஊர் திரும்பினார். அவரை மீண்டும் அனுப்புவதா, பெரிய கடைக்கு உயர்த்துவதா என்பது அப்போது முடிவாயிற்று. விலகுவதற்கும் தொடர்வதற்கும் ஒரு நாள் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்ததால் பிரிவு சண்டையாக வேண்டிய தேவை குறைந்தது.

நான்காவது, பலர் பார்வை. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில் பல கடைகளின் முகவர்கள் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியுடன் அமர்ந்து தொழில் செய்தார்கள். ஒருவர் தடம் மாறினால் அடுத்த பெட்டிக்காரருக்குத் தெரியும். அங்கிருந்து கடிதத்தில் ஊருக்கு வரும். கோயில் வழியாகப் பிணைக்கப்பட்ட சமூகத்தில் அந்தச் செய்தி அடுத்த வேலையையும் வீட்டுத் திருமணப் பேச்சையும் பாதிக்கும். தகராறு என்றால் மூத்தோர் கூடிப் பேசித் தீர்த்தார்கள்.

பொருளியல் இதற்குப் பின்னாளில்தான் கோட்பாட்டு வடிவம் கொடுத்தது. பதினோராம் நூற்றாண்டின் மத்தியதரைக் கடல் வணிகர்களான மக்ரிபி யூதர்கள், ஏமாற்றிய முகவரை எவரும் மறுபடி பணியமர்த்துவதில்லை என்ற கூட்டு ஒழுங்கால் தொலைதூர வணிகத்தை நடத்தியதை அவ்னர் கிரைஃப் என்ற அறிஞர் விளக்கினார். ஒரு குழுவின் மொத்த விளைவைப் பிரித்துக்கொள்ளும்போது ஒவ்வொருவரும் கொஞ்சம் சோம்பத் தூண்டப்படுகிறார் என்பதைப் பெங்ட் ஹோல்ம்ஸ்ட்ரோம் 1982-ல் நிறுவினார். எந்த ஒப்பந்தத்திலும் எதிர்காலத்தின் எல்லா நிகழ்வுகளையும் எழுதிவிட முடியாது. ஆகவே, எழுதப்படாத சூழலில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதையாவது எழுத வேண்டும் என்பது ஆலிவர் ஹார்ட்டின் பங்களிப்பு. இவ்விருவருக்கும் 2016-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தக் கோட்பாடுகளை வகுப்பறையில் நடத்தும்போதெல்லாம், பர்மாவில் தாத்தா கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் முகத்தில் ஒரு புரிதல் தோன்றுவதைக் கண்டிருக்கிறேன்.

ஆனால், பழமையைப் போற்றுவதோடு நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னதாகும். அந்த ஏற்பாட்டின் வலிமை எதுவோ அதுவே அதன் எல்லையாகவும் இருந்தது. குழு ஒரே சமூகத்துக்குள் அமைந்தது. பெண்கள் கடையில் அமரவில்லை. ஆச்சிமார்களின் சீர்ப்பணம் கடைகளில் வட்டிக்கு இருந்தது. வீட்டையும் ஊர் வரவு செலவையும் அவர்களே திறம்பட நடத்தினார்கள். அந்தத் திறமைக்குக் கடையில் இடம் கிடைக்கவில்லை. எல்லோரும் ஒரே பள்ளியில் ஒரே பாடம் பயின்றவர்களாக இருந்ததால், எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே விதமான ஆபத்தை ஏற்றார்கள்.

1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, பர்மிய விவசாயிகள் கடனைத் திருப்ப முடியாமல் போனபோது ஈடாக வைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 25 சதவீதமாயிற்று. பணமாக இருந்த முதல், எடுத்துச் செல்ல முடியாத நிலமாக மாறியது; நிலமிழந்த விவசாயிகளின் கோபமும் அதோடு சேர்ந்து வந்தது. 1942-ல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948-ல் விடுதலை பெற்ற பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டம், 1960-களில் ராணுவ அரசின் நாட்டுடைமை நடவடிக்கைகள் என அடுத்தடுத்து வந்த அடிகளில் பெரும் செல்வம் போயிற்று. நேர்மையான முகவர்களும் துல்லியமான பேரேடுகளும் இருந்தும், வேறு கோணத்தில் பார்க்கும் கண்கள் போதுமான அளவு அந்தக் குழுக்களில் இல்லை.

வேறு கோணத்தில் பார்த்தவர்களும் இங்கிருந்தே வந்தார்கள். 1900-ல் பர்மாவின் மோல்மேனில் வட்டித் தொழிலைத் தொடங்கிய பள்ளத்தூர் அ.மு. முருகப்ப செட்டியாரின் குடும்பம், போருக்கு முன்பே தன் முதலை இந்தியாவுக்குத் திருப்பியது. 1949-ல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தை அமைத்தது. மிதிவண்டி செய்யத் தெரிந்தவர் அயலார். முதலும் சந்தை அறிவும் இங்கே. மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தார். குடும்ப விலாசத்தில் நடந்த வட்டிக்கடைத் தொழில், பங்குதாரர்களும் ஊதியம் பெறும் அலுவலர்களும் கொண்ட நவீன வங்கியாக உருமாறியதன் அடையாளம் அது. இருவரும் உறவுக்குள் அடங்கிய குழுவைத் திறமைக்குத் திறந்துவிட்டார்கள். கணக்கின் கண்டிப்பை மட்டும் விடவில்லை.

இன்றைய வெற்றிக் கதைகளையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2010-ல் சென்னையில் தொடங்கி, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலான ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தின் நிறுவனர்கள் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் அதற்கு முன் ஜோஹோ நிறுவனத்தில் பணியாற்றியவர்கள். ஒருவர் வேலை செய்யும் விதத்தை மற்றவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். பங்கு ஊழியர்களுக்கும் பகிரப்பட்டிருந்ததால், பட்டியலான நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக நிறுவனம் அறிவித்தது. 1981-ல் 10,000 ரூபாயோடு இன்ஃபோசிஸைத் தொடங்கிய எழுவரும், முன்பு ஒரே கணினி நிறுவனத்தில் சேர்ந்து பணியாற்றிய அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டவர்கள். 1989-ல் ஒருவர் விலகியபோதும் நிறுவனம் நிலைத்தது. ஒரு நல்ல குழுவின் அடையாளம், ஒருவர் போனாலும் அது தொடர்ந்து இயங்குவதில் இருக்கிறது.

எங்கள் மாவட்டத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது? காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை உலகச் சந்தைக்குக் கொண்டுபோகும் நிறுவனத்தை மூன்று கணினி அறிவியல் பட்டதாரிகள் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இணையதளம் அழகாக வரும். நூலின் தரம், சாய நிறுத்தம், ஒரு சேலைக்கு ஆகும் நாள் கணக்கு ஆகியவற்றை அறிந்தவர் அந்தக் குழுவில் இல்லை. வரவேண்டிய பணத்தை விரட்டி வசூலிக்கத் தெரிந்தவர் இல்லை. வாங்குபவரோடு பேசத் தெரிந்தவரும் இல்லை. அவர்கள் நெசவாளரைக் கூலிக்கு ஆள் என்று வைத்துக்கொள்வார்கள். ஆனால், அந்தத் தொழிலின் மையத் திறமையே அவர் கையில்தான் இருக்கிறது. நெசவாளர் குடும்பத்துப் பெண் ஒருவர், வணிகவியல் படித்து இரண்டு ஆண்டு எங்காவது கணக்கராக இருந்த ஒருவர், விற்பனை தெரிந்த ஒருவர் என அமைந்த குழு பார்க்க ஒன்றுபோல் இருக்காது. பேச்சில் உரசலும் வரும். அந்த உரசலில்தான் சரக்கின் விலையும் தரமும் சரியாக முடிவாகும்.

இத்தகையோர் ஒருவரையொருவர் சந்திக்க இடம் வேண்டும். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும், அதன் மேலாண்மைத் துறையும், அரசு பொறியியல் கல்லூரியும், மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கின்றன. மின்கலம் ஆராயும் ஆய்வு மாணவரும், சந்தைப்படுத்தல் படிக்கும் மாணவியும், தொழிற்பயிற்சி நிலையத்தில் பொருத்துநர் பயிற்சி பெறும் இளைஞரும் ஒரே தேநீர்க் கடையில் நிற்கக்கூடும்; ஒரே வேலையில் நிற்பதில்லை. நம் தேர்வு முறையும் தனி ஆளுக்கு மதிப்பெண் போடும் முறை. இருபத்தோரு வயது வரை தனித்தனியாக மதிப்பெண் வாங்கியவர்களிடம் இருபத்திரண்டாம் வயதில் குழுவாகத் தொழில் செய்யச் சொல்கிறோம்.

இதற்குச் சில நடைமுறை யோசனைகள் உண்டு. முதலாவதாக, ஆதார நிதி கேட்டு வரும் ஒவ்வொரு குழுவிடமும் நிறுவனர் உடன்பாடு கேட்கப்பட வேண்டும். யாருக்கு எந்த வேலை, எவ்வளவு நேரம், என்ன ஊதியம், பங்கு எப்படிப் படிப்படியாக உரிமையாகும், விலகினால் என்ன விலை, இருவரும் எதிரெதிராக நின்றால் யார் முடிவெடுப்பார் என்ற ஆறு கேள்விகளுக்கு விடை அதில் இருந்தால் போதும். இதன் மாதிரிப் படிவத்தைத் தமிழில், வழக்குரைஞர் உதவியின்றிப் புரியும் நடையில் தமிழ்நாடு புத்தொழில் இயக்கம் வெளியிடலாம். ஆங்கிலத்தில் எழுதிய இருபது பக்க ஒப்பந்தத்தில் படிக்காமல் கையெழுத்திடுவதைவிட, தமிழில் இரண்டு பக்கத்தைப் படித்துச் சண்டையிட்டுக் கையெழுத்திடுவது மேல்.

இரண்டாவதாக, நிறுவனம் பதிவு செய்வதற்கு முன் ஆறு மாதச் சோதனைத் தொழில். வெவ்வேறு கல்லூரி, வெவ்வேறு படிப்பு, இயன்றவரை ஒரு கைவினைஞர் என்று அமையும் குழுவுக்கு 50 ஆயிரம் ரூபாய் போன்ற சிறு தொகை கொடுத்து, உண்மையான வாடிக்கையாளருக்கு உண்மையான சரக்கை விற்கச் செய்யலாம். லாபம் வருகிறதா என்பதைவிட, சரக்கு திரும்பி வந்த நாளில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே அங்கே பெறும் அறிவு. பெட்டியடிப் பையன் பழகிய காலத்தின் குறுகிய, எல்லோருக்கும் திறந்த வடிவம் என்று இதைக் கருதலாம்.

மூன்றாவதாக, தகராறு தீர்க்கும் மன்றம். 2023-ல் நாடாளுமன்றம் சமரசத்துக்கெனத் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. மாவட்டத் தொழில் மையம், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, ஓய்வுபெற்ற வங்கியாளர்கள், மூத்த வணிகர்கள் ஆகியோரைக் கொண்டு மாதம் ஒருநாள் கூடும் அமர்வு ஒன்றை ஏற்படுத்தலாம். நீதிமன்றத்துக்குப் போக வசதியில்லாத சிறு நிறுவனங்களின் பிணக்கு, நட்பு முறிவதற்கு முன் பேசித் தீரும்.

பெண்களைக் குறித்தும் ஒரு சொல். பெண்கள் தலைமையிலான நிறுவனத்துக்குக் கூடுதல் நிதி என்பது நல்ல விதி. அதைப் பெறுவதற்காக அக்கா பெயரையும் மனைவி பெயரையும் தாளில் மட்டும் எழுதும் வழக்கம் தலைதூக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உடன்பாட்டில் அவரது வேலையும் அதிகாரமும் எழுதப்பட்டிருக்கிறதா, வங்கிக் கணக்கில் கையெழுத்திடுபவர் யார் என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

நிறைவாகப் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை தொழில் தொடங்குகிறேன் என்று வந்து நின்றால், வேண்டாம் என்று மறுப்பதற்கும், பாசத்தில் நகையை எடுத்துக் கொடுப்பதற்கும் இடையே ஒரு வழி இருக்கிறது. கூட வருபவர் யார், அவரோடு இதுவரை எந்த வேலையைச் சேர்ந்து செய்து முடித்தீர்கள், உங்களுக்குள் எழுதிய தாள் எங்கே என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் விடை இருந்தால் கொடுங்கள். இல்லையென்றால், விடையோடு வரும்வரை பணம் வங்கியிலேயே இருக்கட்டும். பர்மாவுக்குக் கப்பலேறிய பெரியவர்களின் வீட்டிலும் சீட்டு எழுதி முடித்த பிறகுதான் பயண நாள் குறித்தார்கள்.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் - பணி நிறைவு)